தனியாகப் புத்தகம் போடுகிறவர்களுக்கு வாசகர் என்ன செய்யலாம்? சேலத்திலிருந்து சில கேள்வி பதில்கள்

சேலம் அஸ்தம்பட்டியில் என் வீட்டு முன்னறையில் நாலு அட்டைப்பெட்டி புத்தகம் இருக்கிறது. நானே எழுதி, நானே காசு போட்டு அச்சடித்தவை. இதுவரை மூன்று புத்தகம், மூன்றுக்கும் பதிப்பகம் கிடையாது. புத்தகத் திருவிழா மேஜையிலும் போனிலும், சில சமயம் கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். ஒவ்வொரு தடவையும் பாதி சொல்லிவிட்டு மீதியை மறந்துவிடுகிறேன். அதனால் எல்லாவற்றையும் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். என் புத்தகத்துக்காக மட்டும் இல்லை. ஆத்தூரிலும் எடப்பாடியிலும் மேட்டூரிலும் இப்படித் தனியாகப் புத்தகம் போடுகிற எல்லாருக்கும் இது பொருந்தும்.

எங்கே வாங்கினால் எழுதினவருக்கு அதிகம் கிடைக்கும்?

எழுதினவரிடமே வாங்கினால். கணக்கைச் சொல்கிறேன், யாரும் வெளிப்படையாகச் சொல்வதில்லை. என் இரண்டாவது புத்தகம், ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்துக் கதைகள், 176 பக்கம், அதாவது 11 பாரம் (16 பக்கம் ஒரு பாரம்). 300 பிரதி அடித்தேன். தாள், அச்சு, பைண்டிங் சேர்த்து ஒரு பிரதிக்கு 105 ரூபாய். பக்கம் வடிவமைக்க, பிழை திருத்த, அட்டை வரைய 9,000 ரூபாய் தனியாக ஆனது. அதை 300-ஆல் வகுத்தால் பிரதிக்கு 30. ஆக அடக்கம் 135, விலை 250. நேராக என்னிடம் வாங்கினால் 115 நிற்கும். கடைக்குக் கொடுத்தால் 40 விழுக்காடு கழிவு, அதாவது 100 ரூபாய் போய்விடும், எனக்கு 15 ரூபாய். அந்தப் பதினைந்தும் கடைக்காரர் கணக்கு முடித்துத் தந்தால்தான். ஆறு மாதம், எட்டு மாதம் ஆகும்.

வேறு மாதிரியும் சொல்லலாம். நேர் விற்பனையில் 162 புத்தகம் போனால் போட்ட காசு திரும்பி வந்துவிடும். கடை வழியாக மட்டும் என்றால் 270 போக வேண்டும். 300 அடித்த இடத்தில் 270 என்பது எவ்வளவு தூரம் பாருங்கள்.

அச்சிட்ட புத்தகத்துக்கு ஜிஎஸ்டி இல்லை என்பதால் "வரி கூட இல்லையே, ஏன் இந்த விலை" என்று சிலர் கேட்கிறார்கள். புத்தகத்துக்குத்தான் இல்லை. தாளுக்கு உண்டு, அது அடக்கத்துக்குள் வந்துவிடுகிறது.

அப்போ கடையில் வாங்கக் கூடாதா?

அப்படிச் சொல்லவே மாட்டேன். கடையில் வாங்குவதிலும் ஒரு பெரிய உதவி இருக்கிறது: நீங்கள் பேர் சொல்லிக் கேட்ட புத்தகத்தைக் கடைக்காரர் மறக்க மாட்டார். இல்லை என்று சொன்னால் "வரவழைச்சுத் தர முடியுமா" என்று கேளுங்கள். ஒரே மாதத்தில் மூன்று பேர் வந்து கேட்டால் அவரே என்னைக் கூப்பிடுவார், இப்படி இரண்டு முறை நடந்திருக்கிறது. கடைக்காரருக்கும் வாடகை, ஆள் கூலி, கரண்டு பில் எல்லாம் இருக்கிறது, அவர் 40 கேட்பதில் எனக்குக் கோபமில்லை. என்னை அறவே தெரியாத ஒருத்தர் கையில் என் புத்தகம் போய்ச் சேர வேண்டுமென்றால் அது கடை அலமாரியிலிருந்துதான் போகும்.

புத்தகத் திருவிழாவில் 10 விழுக்காடு தள்ளுபடி தருகிறார்களே, அதுவரை காத்திருக்கலாமா?

காத்திருங்கள், தப்பில்லை. சென்னையில் ஜனவரியில் நடக்கும் கண்காட்சிக்கும், இங்கே புதிய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் நடந்த புத்தகத் திருவிழாவுக்கும் பட்டியல் போட்டு வைத்து வருகிறவர்களை எனக்குத் தெரியும். மாதச் சம்பளத்தில் ஒரு பங்கை அதற்கென்று எடுத்து வைப்பவர்கள். அவர்களுக்கு 25 ரூபாய் குறைவது பெரிய விஷயம். ஒன்றே ஒன்று: தனி எழுத்தாளரின் புத்தகம் முதல் மூன்று மாதத்தில் எவ்வளவு போகிறது என்பதை வைத்துத்தான் அடுத்த அச்சு பற்றி யோசிக்க முடியும். முடிந்தவர்கள் அந்த மூன்று மாதத்துக்குள் வாங்கிவிட்டால் நல்லது.

நீங்கதானே எழுதினீங்க, ஒரு காப்பி சும்மா கொடுங்களேன்?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் எல்லாரும் வேண்டியவர்கள். அதுதான் கஷ்டம். சித்தப்பா கேட்கிறார், கூடப் படித்தவன் கேட்கிறான், தெருவில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிற அண்ணன் கேட்கிறார். பதிப்பகத்தில் போட்டால் எழுதினவருக்கென்று பத்துப் பிரதி தருவார்கள், அதிலிருந்து கொடுக்கலாம். தனியாகப் போடுகிறவருக்கு அப்படி ஒன்று கிடையாது. நான் தருகிற ஒவ்வொன்றும் 135 ரூபாய். முதல் புத்தகத்தில் இப்படியே 70 பிரதி போனது. அந்தக் காசில் அட்டைக்கு இன்னும் நல்ல ஓவியரைப் பிடித்திருக்கலாம்.

அந்தப் பட்டறை அண்ணனிடம் ஒருநாள் தயங்காமல் சொல்லிவிட்டேன்: "அண்ணா, உங்க பட்டறையில் ஒரு ஜோடி கொலுசை நான் சும்மா கேட்டா எப்படி இருக்கும்?" அவர் உடனே சட்டைப்பையில் கைவிட்டு 250 எடுத்துக் கொடுத்தார். மறுவாரம் வந்து, "என் பொண்டாட்டி படிச்சுட்டா, அவ தங்கச்சிக்கு இன்னொண்ணு கொடு" என்றார். அவருக்குக் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, யாரும் அவரிடம் சொன்னதில்லை, அவ்வளவுதான். எழுதினவர் உங்கள் சொந்தக்காரர் என்றால் முதல் பிரதியை நீங்கள் காசு கொடுத்து வாங்குங்கள். அதைவிடப் பெரிய மொய் அவருக்குக் கிடையாது.

முன்பதிவு என்கிறார்களே, புத்தகமே வராமல் எதற்குப் பணம் கட்ட வேண்டும்?

அச்சகத்துக்கு முன்பணம் கட்ட வேண்டியது அப்போதுதான் என்பதால். இது ஏதோ இப்போது வந்த வழக்கம் இல்லை. உ.வே.சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சிட்டபோது ஆதரவாளர்களிடம் கையொப்பம் வாங்கித்தான் செலவைச் சமாளித்தார். இத்தனை பிரதி எடுத்துக்கொள்கிறேன் என்று முன்கூட்டியே ஒப்புக்கொள்வதுதான் கையொப்பம். அந்தக் கையொப்பக்காரர்கள் இல்லாவிட்டால் அந்த ஏடு இன்னும் எத்தனை வருஷம் ஏடாகவே கிடந்திருக்குமோ. பாரதியும் 1920-இல் கடையத்திலிருந்து, தன் எழுத்துகளை நாற்பது புத்தகங்களாகப் போடக் கடன் தரச் சொல்லி நண்பர்களுக்குக் கடிதம் எழுதினார். போதிய பணம் வரவில்லை, அடுத்த வருஷம் அவரே போய்விட்டார். இதை நினைக்கும்போதெல்லாம் மனசு கனத்துப் போகும்.

என் மூன்றாவது புத்தகத்துக்கு 84 பேர் முன்பதிவு செய்தார்கள். 200 ரூபாய் வீதம் 16,800. அச்சகத்தில் பாதிப் பணத்துக்கு மேல் அதிலேயே கட்டினேன், நகையை வைக்க வேண்டி வரவில்லை. ஆனால் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள்: முன்பதிவு கேட்கிறவர் எந்தத் தேதிக்குத் தருவார், தாமதமானால் பணத்தைத் திருப்பித் தருவாரா என்று சொல்கிறாரா? சொல்லாதவரிடம் கேளுங்கள். அப்படிக் கேட்பது அவமரியாதை இல்லை.

நான் கிண்டிலில்தான் படிக்கிறேன். அதில் உங்களுக்கு ஏதாவது வருமா?

வரும். 2016 இறுதியில் அமேசானின் மின்னூல் தளமான கிண்டிலில் தமிழ் வந்ததிலிருந்து தனி எழுத்தாளர்களுக்கு அது ஒரு பெரிய வாசல். மின்னூல் விற்றால் எழுதினவருக்கு 35 அல்லது 70 விழுக்காடு. இந்தியாவில் விற்கிற பிரதிக்கு 70 வேண்டுமென்றால் கேடிபி செலக்ட் என்ற திட்டத்தில் புத்தகத்தைச் சேர்க்க வேண்டும். சேர்த்தால் 90 நாளைக்கு அந்த மின்னூலை வேறு எங்கேயும் போடக் கூடாது. "உங்க புத்தகம் ஏன் மத்த ஆப்பில் இல்லை" என்று கேட்கிறவர்களுக்குக் காரணம் இதுதான்.

கிண்டில் அன்லிமிடெட் என்ற மாதச் சந்தாவில் எடுத்துப் படித்தால், படித்த பக்கத்துக்குத்தான் காசு. இறக்கி வைத்துவிட்டுத் திறக்காமல் இருந்தால் ஒன்றும் வராது. முதல் தடவை படிக்கிற பக்கம்தான் கணக்கு, இரண்டாம் முறை படித்தால் சேராது. அதனால் பிடித்திருந்தால் கடைசிப் பக்கம் வரை போய்விடுங்கள்.

விமர்சனம் எழுதச் சொல்கிறீர்கள். எனக்கு அதெல்லாம் எழுத வராதே?

விமர்சனம் என்ற வார்த்தைதான் பயமுறுத்துகிறது. பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்கிற மாதிரி மூன்று வரி போதும்: எதைப் பற்றிய புத்தகம், எந்த இடம் மனதில் நின்றது, யாருக்குப் பிடிக்கும். "அருமை", "சூப்பர்" என்று மட்டும் எழுதினால் எழுதினவருக்குச் சந்தோஷம்தான், ஆனால் அடுத்தவர் அதைப் பார்த்து வாங்க மாட்டார். வாசகர்கள் கருத்து எழுதுகிற குட்ரீட்ஸ் தளத்தில் ஒரு அக்கா எழுதியிருந்தார்: "இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி இறங்கின மாதிரி தலை சுத்துச்சு, நாலாவது கதையில் அந்தப் பெரியம்மா மிளகுக் கொடியை வெட்டச் சொல்ற இடத்தில் புத்தகத்தை மூடி வெச்சுட்டேன்." இவ்வளவுதான். அந்த வரியைப் பார்த்துவிட்டு வாங்கினேன் என்று ஐந்து பேராவது என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்.

தமிழிலேயே எழுதுங்கள். அமேசானில் வாங்கினால் அங்கேயே எழுதுங்கள். எழுத்தாளரின் அண்ணன் தம்பி, மாமன் மச்சான் எல்லாம் அங்கே எழுதக் கூடாது, அது அவர்கள் விதி. அந்நிய வாசகர் எழுதுவதுதான் நிற்கும்.

பிடிக்கவில்லை என்றால்?

அதையும் எழுதுங்கள். எதனால் என்று சொன்னால் போதும்.

வாட்ஸ்அப் குழுவில் புத்தக பிடிஎஃப் வருகிறது. நான் இறக்கவில்லை, வந்ததை அனுப்பினேன், அதிலும் தப்பா?

தப்புதான். என் முதல் புத்தகம் வந்த நாற்பதாவது நாள், யாரோ ஒவ்வொரு பக்கமாகப் போனில் படம் பிடித்துக் கோத்து அனுப்பியிருந்தார்கள். சில பக்கத்தின் ஓரத்தில் கட்டைவிரல் தெரிந்தது. எனக்கே அது ஒரு குழுவிலிருந்து "நல்ல புத்தகம், அவசியம் படிங்க" என்ற குறிப்போடு வந்தது. அனுப்பினவர் பாராட்டாகத்தான் அனுப்பினார், நான்தான் எழுதினேன் என்று அவருக்குத் தெரியாது. அன்றைக்கு ராத்திரி நான் சாப்பிடவில்லை.

சட்டமும் தெளிவாக இருக்கிறது. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதினவர் காலத்துக்குப் பிறகும் 60 ஆண்டு உரிமை உண்டு. தெரிந்தே மீறினால் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம். நான் யார் மேலும் வழக்குப் போடப் போவதில்லை. குழுவில் ஒருத்தர் பிடிஎஃப் போட்டால், "இது விற்பனையில் இருக்கு, இந்த இடத்தில் கிடைக்கும்" என்று ஒரே ஒரு பதில் போடுங்கள். சண்டை வேண்டாம். அந்த ஒரு பதில் குழுவில் 200 பேர் கண்ணில் படும்.

காசில்லாமல் படிக்க வேண்டுமென்றால் நேர்வழி நிறைய இருக்கிறது. 1998-இலிருந்து மதுரைத் திட்டம் என்ற இணையதளத்தில் பழைய நூல்கள் இருக்கின்றன, தமிழ் இணையக் கல்விக்கழகத்தில் நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்கள் இருக்கின்றன. எழுதினவர்களே இலவசமாகப் பகிரச் சொல்லி வெளியிடுகிற மின்னூல்களும் உண்டு. அவற்றை எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் அனுப்புங்கள்.

ஒரு பத்தியைப் படம் பிடித்து ஸ்டேட்டஸ் வைக்கலாமா?

தாராளமாக. ஒரு பத்தி, ஒரு பக்கம், அட்டைப் படம் எல்லாம் வைக்கலாம், புத்தகத்தின் பேரும் எழுதினவர் பேரும் தெரியட்டும்.

உங்கள் கதையை யூடியூபில் சொல்லலாமா?

கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். முழுக்கதையை வாசித்துப் பதிவேற்றுவதற்கு எழுதினவரின் அனுமதி வேண்டும். பேர் போட்டுவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள், போதாது. ஆனால் கேட்டால் நான் உட்பட முக்கால்வாசிப் பேர் சரி என்றுதான் சொல்வோம். ஒரு கதையைக் கேட்டவர் மீதிக் கதைகளைத் தேடி வருவார் என்று எங்களுக்கும் தெரியும்.

நூலகத்தில் எடுத்துப் படித்தால் உங்களுக்கு என்ன பிரயோசனம்?

இது எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி. நீங்கள் கட்டுகிற சொத்து வரியோடு ரூபாய்க்குப் பத்துப் பைசா வீதம் நூலக வரியும் சேர்ந்திருக்கிறது. 1948-இல் வந்த பொது நூலகச் சட்டத்தின் வழியில் வந்த ஏற்பாடு அது. ஆக நூலகத்துப் புத்தகத்துக்கு நீங்கள் ஏற்கெனவே காசு கொடுத்திருக்கிறீர்கள், கூச்சமே வேண்டாம். தமிழில் பல பதிப்பகங்கள் நூலக ஆணையை, அதாவது அரசு நூலகங்களுக்கு மொத்தமாகப் புத்தகம் வாங்கும் உத்தரவை நம்பித்தான் ஓடின, ஓடுகின்றன. தனி எழுத்தாளருக்கு ஆணை கிடைத்தால் ஒரே நாளில் வீட்டு அட்டைப்பெட்டி காலி.

நீங்கள் செய்யக்கூடியது இதுதான். உங்கள் கிளை நூலகத்தில் அந்தப் புத்தகம் இல்லை என்றால் நூலகரிடம் பேர், எழுதினவர் பேர், ஐஎஸ்பிஎன் எண் மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். (ஐஎஸ்பிஎன் என்பது ஒவ்வொரு புத்தகத்துக்கும் உள்ள தனி அடையாள எண். நம் நாட்டில் இலவசம்தான். தனி ஆளும் விண்ணப்பித்து வாங்கலாம். பதின்மூன்று இலக்கம், 978-81 அல்லது 978-93 என்று தொடங்கும். எழுத்தாளர்களே, தயவுசெய்து வாங்கிவிடுங்கள்.) நூலகத்தில் இருக்கிறதென்றால் எடுத்துப் படியுங்கள், வெளியே போகாத புத்தகம் பின் அலமாரிக்குப் போய்விடும். வசதி இருந்தால் இரண்டு பிரதி வாங்கி ஒன்றை நூலகத்துக்குக் கொடுங்கள்.

1954-இல் வந்த சட்டப்படி கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா, மும்பை, டெல்லி என நாலு நூலகங்களுக்குப் புத்தகம் போடுகிறவர் தன் செலவில் ஒவ்வொரு பிரதி அனுப்ப வேண்டும். நானும் அனுப்பினேன். நம்ம ஊர்க் கதை கன்னிமாராவில் இருக்கும் என்று நினைத்தால் ஒரு நிம்மதி.

கல்யாணம், காதுகுத்துக்குப் புத்தகம் கொடுக்கலாமா? யார் படிக்கப் போகிறார்கள்?

மேடையில் பொன்னாடைக்குப் பதில் புத்தகம் கொடுக்கிற வழக்கம் நம்மிடம் வந்துவிட்டது, அதைத் தாம்பூலப் பைக்கும் கொண்டு வரலாம். அம்மாபேட்டையில் ஒரு பட்டுத்தறிக் குடும்பம், பெண்ணின் கல்யாணத்துக்கு வந்தவர்களுக்குத் தேங்காயோடு ஒரு சின்னப் புத்தகம் வைத்தார்கள்: 48 பக்கம், ஒரே ஒரு நெடுங்கதை, பிரதி 40 ரூபாய், 250 பிரதி. அந்த எழுத்தாளருக்கு ஒரே நாளில் மொத்த அச்சும் தீர்ந்தது. 250 பேரில் 30 பேர் படித்திருப்பார்களா? இருக்கட்டும், முப்பது புது வாசகரைச் சேர்க்க எங்களுக்கு ஒரு வருஷம் ஆகும்.

ஏற்காட்டில் காட்டேஜ் வைத்திருக்கிறேன். ஏதாவது செய்யலாமா?

செய்யலாம், ஒருத்தர் செய்தும் காட்டினார். நாகலூர்ப் பக்கம் நாலு அறை வைத்து வாடகைக்கு விடுகிறவர். வரவேற்பு மேஜையில் என் புத்தகம் இரண்டை வைத்தார், ஒன்று படிக்க, ஒன்று விற்க. பக்கத்தில் யுபிஐ அட்டை. மே மாதம் கோடை விழாவுக்கு வந்தவர்கள், மழை பிடித்து ஏரிப்பக்கம் போக முடியாமல் உட்கார்ந்திருந்த மத்தியானங்களில் எடுத்துப் படித்திருக்கிறார்கள். 14 பிரதி போனது. புத்தகத்தில் வருகிற சில்வர் ஓக் மரமும் மிளகுக் கொடியும் ஜன்னலுக்கு வெளியே நிற்கும்போது படிப்பது வேறு மாதிரிதானே.

ஒரு எச்சரிக்கை: மலை ஈரத்துக்கு அட்டை அப்பளம் மாதிரி சுருண்டுவிடும். ஆரம்பத்தில் நாலு பிரதி அப்படித்தான் வீணாயிற்று. விற்கிற பிரதியைப் பிளாஸ்டிக் உறையோடு, கனமான ஏதாவது ஒன்றின் கீழே வையுங்கள். அவர் மசாலா அரைக்கிற அம்மிக் குழவியை வைத்திருக்கிறார்.

புத்தகத்தில் தப்பு கண்டால் சொல்லலாமா, மனசு கஷ்டப்படுவீர்களா?

சொல்லுங்கள், கஷ்டப்பட மாட்டேன். எங்களுக்கு மெய்ப்புப் பார்க்கத் தனி ஆள் கிடையாது. செவ்வாய்ப்பேட்டையிலிருந்து ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், 37 பிழைகளைப் பக்க எண்ணோடு, பச்சை மையில், ஒரு பக்கத் தாளில் எழுதி அனுப்பினார். அடுத்த அச்சில் 37-ம் திருந்தியது, நன்றிப் பக்கத்தில் அவர் பேர் இருக்கிறது. அச்சுக் கோளாறு என்றால் வேறு: ஒருமுறை அச்சகத்தில் ஒரு பாரத்தைத் தலைகீழாகச் சேர்த்துத் தைத்துவிட்டார்கள், 20 பிரதி அப்படிப் போய்விட்டது. அப்படிக் கிடைத்தால் உடனே சொல்லுங்கள், மாற்றித் தருவது எழுத்தாளர் கடமை.

கையில் காசில்லை. நான் என்ன செய்ய முடியும்?

பேசுங்கள். படித்த ஒரு கதையை டீக்கடையில், பஸ்ஸில், தட்டுவடை செட் சாப்பிடுகிற வண்டிக்குப் பக்கத்தில் நின்று ஒருத்தரிடம் சொல்லுங்கள். வாங்கினவர் புத்தகத்தை இரவல் வாங்கிப் படித்து, பத்திரமாகத் திருப்பிக் கொடுங்கள். இரவலால் எங்களுக்கு நஷ்டம் என்று நான் நினைத்ததே இல்லை. ஒரு பிரதி ஐந்து கை மாறினால் ஆறாவது ஆள் சொந்தமாக ஒன்று வாங்குவார்.

புத்தகம் வேண்டாம், சும்மா பணம் அனுப்பட்டுமா?

நல்ல மனசு. ஆனால் எனக்கு வேண்டியது வாசகர். அந்தப் பணத்துக்கு ஒரு புத்தகத்தை யாருக்காவது அனுப்பச் சொல்லுங்கள், ஒரு பள்ளிக்கூடம், ஒரு விடுதி, உங்கள் பழைய டீச்சர். முகவரி மட்டும் கொடுங்கள், மேலே உங்கள் பேர் எழுதி நானே கட்டி அனுப்புகிறேன். பழைய காலண்டர் தாளில் சுற்றி, மேலே காக்கி உறை, நாலு மூலைக்கும் இரட்டை டேப், மழைக்காலம் என்றால் உள்ளே ஒரு பால் கவர்.

வாங்கினேன், இரண்டு வருஷமாகப் படிக்கவில்லை. வெட்கமாக இருக்கிறது.

வெட்கம் எதற்கு. அது அங்கேயே இருக்கட்டும், ஒருநாள் கரண்டு போகும்.

எழுதினவருக்கு நேராகக் கடிதம் எழுதினால் படிப்பார்களா?

நான் படிப்பேன். பதிலும் போடுவேன், தாமதமாகும். வாழவந்தியிலிருந்து காப்பிப் பழம் பறிக்கிற ஒரு அம்மா, தன் பேத்தியை எழுதச் சொல்லி ஒரு இன்லேண்டு லெட்டர் போட்டார். மூன்றாவது கதையில் கூடை எடை போடுகிற இடம் வரும். அதில் கணக்குப்பிள்ளை எடைக்கல்லை இடது கையில் எடுக்கிற மாதிரி எழுதியிருந்தேன். "எங்க கணக்குப்பிள்ளையும் இடது கைதான், உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டிருந்தார். நாலே வரி. அந்தக் கடிதத்தை மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். அடுத்த புத்தகத்தில் இப்போது எட்டாவது கதை போய்க்கொண்டிருக்கிறது, அதில் அவர் கேட்ட இன்னொரு கேள்விக்குப் பதில் வருகிறது.